களிமண் மனையில் முற்றம் வைத்த வீடு: முதலில் தண்ணீருக்கு வழி

கேள்வி: குடவாசல் பக்கம் 30க்கு 100 அடி மனை இருக்கிறது. களிமண். திண்ணை, முற்றம், ஓட்டுக்கூரையோடு பழைய தஞ்சாவூர் வீடு மாதிரி கட்ட ஆசை. பொறியாளர், ‘முற்றம் ஒழுகும், கொசு வரும், வேண்டாம்’ என்கிறார். அவர் சொல்வது சரியா? கட்டலாம் என்றால் எங்கெல்லாம் கவனிக்க வேண்டும்?

உங்கள் பொறியாளரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. புதிதாகக் கட்டும் முற்றங்கள் பல ஒழுகத்தான் செய்கின்றன. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், சித்திர வேலை நிலைப்படி எல்லாவற்றையும் முதல் மாதமே தேர்வு செய்துவிட்டு, மழைத்தண்ணீர் எந்த மட்டத்தில் விழுந்து எந்த மட்டத்தில் வெளியேறும் என்ற கணக்கை வீடு முடியும் தறுவாயில் பிளம்பர் தலையில் கட்டினால் வேறென்ன நடக்கும்? டெல்டாவின் பழைய வீட்டில் நாம் அழகு என்று பார்ப்பதில் பாதி, தண்ணீரை வெளியே அனுப்பச் செய்த ஏற்பாடு.

ஒரு சின்னத் திருத்தம். ஆத்தங்குடிக் கல்லும் பெரிய வளவும் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றம்) செட்டிநாட்டு அடையாளம். அது வறண்ட மேட்டு நிலம். காவிரிக்கரை வீடு வேறு. இங்கே பூமியில் கல்லே கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால் செங்கல், சுண்ணாம்பு, ஓடு, மரம். முகப்பு குறுகல், நீளம் அதிகம்: திண்ணை, ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள நடை), கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கொல்லைக்கோடியில் வாய்க்காலோ குளமோ இருக்கும். உங்கள் மனை இதற்கென்றே அளந்ததுபோல இருக்கிறது. சின்ன அளவில் நேரில் பார்க்க வேண்டுமானால் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பாருங்கள். போகும்போது டேப்பை எடுத்துப் போய்த் தெருவுக்கும் திண்ணைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மட்டக்கணக்கு. வரைபடத்துக்கு முன்பே இதை முடிக்க வேண்டும்.

முற்றத்தின் திறப்பு 10க்கு 8 அடி என்று வையுங்கள். அதை நோக்கிச் சரியும் கூரையையும் சேர்த்தால் சுமார் 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர் பரப்பின் மழை அந்தக் குழிக்குள் வந்து சேரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஐப்பசி அடைமழையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 3,250 லிட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் என்றால் 6,500 லிட்டர். குளியலறைக்குப் போடுகிற இரண்டரை அங்குலக் குழாயில் இரண்டு பூவரச இலை அடைத்தால் போதும், கூடத்தில் தண்ணீர் ஏறிவிடும்.

அதனால் கணக்கைக் கீழிருந்து மேலே போடுங்கள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வாய்க்காலிலோ சாலைச் சாக்கடையிலோ கார்த்திகை மாதத்தில் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறி நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு ஒரு முளையில் குறியுங்கள். குழாயின் வாய் அதற்கு 6 அங்குலம் மேலே இருக்க வேண்டும். முற்றத்திலிருந்து அதுவரை 60 அடி தூரம் என்றால், நூற்றுக்கு ஒன்று சரிவில் 7 அங்குலம். முற்றத்துத் தரையின் சரிவு, 10 அடிக்கு அறுபதுக்கு ஒன்று வீதம், 2 அங்குலம். முற்றத்திலிருந்து கூடத்துத் தரை 15 அங்குலம் உயரம். எல்லாம் கூட்டினால் 30 அங்குலம், இரண்டரை அடி. பழைய வீட்டின் திண்ணையும் படிகளும் ஏன் அவ்வளவு உயரம் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் உயர்த்திவிடுகிறார்கள். அதற்காக இன்னும் அரை அடி முதல் ஒரு அடி சேருங்கள். மூன்று அடிக்குக் குறைவாக மேடை போட்டுவிட்டு முற்றம் கேட்காதீர்கள்.

குழாய் 160 மில்லிமீட்டர் பி.வி.சி. வீட்டுக்கு அடியில் வளைவே இருக்கக் கூடாது. நேராகப் போய்க் கொல்லையில் ஒரு தொட்டியில் விழட்டும். முற்றத்து முனையிலும் திறந்து கையை விட்டு வாருகிற அளவுக்கு ஒரு சின்னத் தொட்டி, அதன்மேல் எடுத்து மாட்டக்கூடிய சல்லடை. பழைய ஜலதாரை (தண்ணீர் வெளியேறும் வடிகால்) வாயில் வைத்த ஓட்டைக்கல் செய்த வேலை இதுதான். தரையிலிருந்து 4 அங்குலம் உயரத்தில் இரண்டாவது வாய் ஒன்றைத் தனிக் குழாயோடு விட்டுவையுங்கள். முதல் வழி அடைத்தால் இது காப்பாற்றும். வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து வரும் என்பதால் வெளி முனையில் ஒருவழி வால்வு. அடுக்களை, குளியல் தண்ணீரை இந்தக் குழாயில் சேர்க்கவே கூடாது. கொசு மழைத்தண்ணீரால் வருவதில்லை, இந்தக் கலப்பினாலும் சரிவு தப்பி நிற்கிற தண்ணீராலும் வருகிறது. தரை போட்டதும் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரைமணி நேரத்தில் எங்காவது ஈரக்குட்டை நின்றால் மேஸ்திரியை விடாதீர்கள், அன்றே உடைத்துச் சரி செய்யச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் எல்லோரும் தோண்டுகிற மூன்றடிக் குழி களிமண்ணில் தண்ணீரை உறிஞ்சாது; அது கொசுக்குழிதான். கூரைத் தண்ணீரை மணல் வடிகட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள். கிணறு இல்லையென்றால் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும்வரை துளை போட்டு விட வேண்டும்.

அடுத்தது கடைக்கால். சித்திரையில் உங்கள் ஊர் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மண்தான் உங்கள் வீட்டுக்கு அடியிலும் கோடையில் சுருங்கி மழையில் உப்பப் போகிறது. மண் பரிசோதனையில் ‘ஃப்ரீ ஸ்வெல்’ என்று ஒரு எண் கேளுங்கள். சலித்த மண்ணைத் தண்ணீரில் ஒரு பங்கும் மண்ணெண்ணெயில் ஒரு பங்கும் 24 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக உப்பியது என்று பார்க்கிற எளிய சோதனை. 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண மூன்றடிக் கடைக்கால் வேண்டாம். அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போடுங்கள். தண்டு 300 மில்லிமீட்டர், குமிழ் அதன் இரண்டரை மடங்கு 750, ஆழம் குறைந்தது மூன்றரை மீட்டர். எத்தனை பைல், எந்த இடைவெளி என்பதைச் சுமை பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். பலர் கோட்டைவிடுவது பைலுக்கு மேலே வரும் பீமில். பீமுக்கு அடியில் 3 அங்குலம் வெற்றிடம் வேண்டும். மண் உப்பினால் அந்த வெற்றிடத்துக்குள் உப்பட்டும். மண்ணின் மேலேயே பீமைப் படுக்கவைத்தால், பைல் போட்ட காசும் வீண், ஐப்பசியில் சுவர் மூலையில் சாய்வாக வெடிப்பும் வரும்.

வேலையைத் தொடங்கும் மாதமும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நிலத்தடி மட்டம் ஏறி, தோண்டிய குழியில் ஊற்று வரும். இடையில் மணல் அடுக்கு இருந்தால் பைல் துளை சரிந்து விழும். மாசியில் தோண்டி வைகாசிக்குள் பீம் முடிப்பது நல்லது. ஆனால் அதே கோடையில் வெடித்துக் கிடக்கும் களியின்மேல் நேராகத் தரைக் கான்கிரீட் போட்டுவிடாதீர்கள். தோண்டிய களிமண்ணை மேடைக்குள் திருப்பிக் கொட்டுவது இந்தப் பக்கத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொட்டிவிடுவார்கள், இரண்டே வருடத்தில் தரை அலைபாயும். மணலோ கிராவலோ கிரஷர் தூளோ கொண்டுவந்து 6 அங்குலம் 6 அங்குலமாக நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

நிரப்பி முடித்ததும் கரையானுக்கு மருந்து. குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் நிரப்பின் மேல் முழுக்க. சுவரோரத்தில் இன்னும் தாராளமாக. மர வேலை உள்ள வீட்டுக்கு இதில் சிக்கனம் கூடாது. தெளிப்பவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும். கிணற்றை ஒட்டி ஊற்றக் கூடாது.

மேடை மட்டத்தில் ஓதம் (மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்) தடுக்க: சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று கலவையில் நீர்த்தடுப்பு மருந்து சேர்த்து 2 அங்குலக் கான்கிரீட், மேலே தார்ப்பூச்சு. பீம்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும். வேதாரண்யம், கீழையூர், தலைஞாயிறு பக்கம் கட்டுபவர்கள் போர்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கலவையில் ஊற்றவே கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். செங்கல்லுக்குச் சோதனை எளிது. ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். 3 கிலோ எடையுள்ள காய்ந்த கல்லை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து எடுத்தால் 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது.

இப்போது கூரை. வீடு முழுவதற்கும் ஓடு போடாதீர்கள் என்பது என் கருத்து. படுக்கையறை, அடுக்களை, பூஜையறைக்கு மட்டமான கான்கிரீட் தளம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்கும் திண்ணைக்கும் ஓடு. பராமரிப்பு பாதியாகும், மாடி எடுக்கவும் வழி இருக்கும். மட்டத் தளத்தின்மேல் பழைய முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 3 அங்குலம் அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்தால் வெயில் இறங்குவது வெகுவாகக் குறையும். மச்சு வீட்டின் தளமே வேண்டும் என்பவர்களுக்கு: உத்திரத்தின்மேல் கட்டை அடுக்கி, மெல்லிய தளக்கல்லைச் சுண்ணாம்பில் விளிம்பு நிறுத்தி, மூலைவாட்டில் பதித்துக்கொண்டு போக வேண்டும். அது தெரிந்த கொத்தனார் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஓட்டுக்குச் சரிவு 30 பாகை. 12 அடி அகலத்துக்கு 7 அடி உயரம் வரும். உயரம் அதிகமாகத் தெரிகிறது என்று 20 பாகைக்குக் குறைத்தால், காற்றோடு வரும் மழை ஓட்டின் மடிப்புக்குள் ஏறிவிடும். சீமை ஓடு (தட்டையான மங்களூர் ஓடு) என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 15. உடைவதற்கு நூற்றுக்கு ஐந்து கூட வாங்குங்கள். ரீப்பர் (ஓடு உட்காரும் மரச்சட்டம்) இடைவெளியை வந்திறங்கிய ஓட்டில் பத்தை அடுக்கிப் பார்த்து ஆசாரி முடிவு செய்யட்டும். சூளைக்குச் சூளை கால் அங்குலம் மாறும். நாட்டு ஓடு அழகுதான், ஆனால் வருடா வருடம் ஆடியில் ஓடு மாற்ற ஆள் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குரங்கு நடமாட்டம் உள்ள ஊரில் நாட்டு ஓட்டை மறந்துவிடலாம்.

ஒழுகும் இடம் ஒன்றே ஒன்றுதான்: முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவுகள் கூடுகிற கூடல்வாய். இரண்டு கூரைத் தண்ணீரும் அந்த ஒரு கோட்டில் ஓடும். அங்கே ஓட்டுக்கு அடியில் குறைந்தது 2 அடி அகலத்தில் வளைத்த துருப்பிடிக்காத தகடு, இரண்டு பக்கமும் ஓட்டுக்குள் 6 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். வெட்டிய ஓடுகளின் விளிம்புகளுக்கு நடுவே 4 அங்குலம் திறந்தே இருக்கட்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று அந்த இடைவெளியைச் சிமெண்டால் பூசி மூடுவார்கள். இலை அங்கே தங்கும், தண்ணீர் பின்னேறும், கைமரம் (கூரையைத் தாங்கும் சரிவு மரம்) உளுத்துப்போகும். ஒழுகுகிற முற்றத்தில் முதலில் இந்தப் பூச்சு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கூடல்வாய்த் தண்ணீர் நாலு மூலையிலும் அருவியாக விழும். விழும் இடத்தில் ஒரு கருங்கல் பலகை இல்லாவிட்டால் தரை குழிந்துவிடும்.

தாழ்வாரம் ஐந்தடி அகலமாவது வேண்டும், இல்லையென்றால் தூவானம் கூடம் வரை வரும். வடகிழக்குப் பருவமழை பெயருக்கேற்ற திசையிலிருந்து அடிப்பதால் முற்றத்தின் தென்மேற்கு மூலைதான் அதிகம் நனையும். ஊஞ்சலையும் புத்தக அலமாரியையும் அந்த மூலையில் வைக்காதீர்கள். வெயில் கணக்கும் இதேபோல: நம் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நாலாவது வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும். முற்றம் அகலமானால் தரை காய்ந்து வீடே அடுப்பாகும். ஒரு மாடி உயர வீட்டுக்கு 10க்கு 8 போதும்.

கண்ணாடி போட்டு முற்றத்தை மூடுவதா? அப்படி மூடினால் அது முற்றமில்லை, வெப்பப்பெட்டி. மூடியே ஆக வேண்டும் என்றால் கூரைக்கு மேலே 2 அடி தூக்கி, நாலு பக்கமும் காற்றுப் போகத் திறந்துவிட்டு, திறப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 2 அடி நீட்டிப் போடுங்கள். திருட்டுப் பயத்துக்குக் கம்பி அழி. 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி 4 அங்குல இடைவெளியில் போட்டால் எடை 100 கிலோவை ஒட்டி வரும். அதைக் கைமரத்தில் தொங்கவிடாமல் தூண்மேல் போகும் உத்திரத்தில் உட்கார வையுங்கள். ஒரு பகுதி திறக்கும்படி இருந்தால்தான் கூடல்வாயில் இலை வார முடியும்.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலை டெல்டாவில் கூரை போடுபவர்கள் மறக்கக் கூடாது. காற்று ஓட்டை அழுத்துவதில்லை, உறிஞ்சித் தூக்கும். இறவாரத்து (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) முதல் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, ஓரங்கள் எல்லாவற்றிலும் ஓட்டின் அடியில் உள்ள துளைவழி செம்புக் கம்பி கோத்து ரீப்பரில் கட்டுங்கள். கைமரம் சுவரின்மேல் சும்மா படுத்திருக்கக் கூடாது. சுவர் தலையில் சுற்றுப் பீம் போட்டு, அதில் பதித்த 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரத்தைப் பிணைக்க வேண்டும். இறவாரம் சுவரைத் தாண்டி 2 அடிக்கு மேல் நீள வேண்டாம்.

தூணுக்குப் பழைய மரம் வாங்கலாம். காரைக்குடிப் பழைய மரக்கடைகளில் தேக்குத் தூண் கிடைக்கும். பாலிஷ் போட்டதை வாங்காமல், போடாததைப் பாருங்கள். அடிப்பாகத்தை ஆணியால் குத்தினால் உள்ளே இறங்கினால் கரையான் தின்றது, மாவு கொட்டினால் வண்டு உளுத்தது. தூணைத் தரைக்குள் புதைக்காதீர்கள். 6 அங்குலம் உயர்ந்த அடிக்கல், நடுவில் ஒரு 20 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத கம்பி, அதன்மேல் தூண். கல்லின் தலை சற்றே வெளிச்சரிவாக இருந்தால் தண்ணீர் மரத்தடியில் தேங்காது.

திண்ணை உங்கள் மனைக்குள்ளேயே வரட்டும். பழைய திண்ணைகள் தெருப் புறம்போக்கில் நீண்டது இனிமேல் நடக்காது. ஆள் படுக்க ஆறடி நீளம், மூன்றடி அகலம், உட்காரும் உயரம் ஒன்றரை அடி. அகலத்துக்கு அரை அங்குலம் வெளிச்சரிவு. தலைமாட்டில் செங்கல்லிலேயே சாய்வாகத் திண்டு கட்டிவிட்டால் தலையணை வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டலாமா, இடம் விட வேண்டுமா என்பதையும் வரைபட அனுமதிக்கு முன்பே ஊராட்சியில் கேட்டுவிடுங்கள். இடம் விட வேண்டியிருந்தால் பக்கச் சன்னல்கள் கிடைக்கும், முற்றத்தை இன்னும் சிறிதாக்கலாம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடுவதில் தப்பில்லை. டெல்டாவின் சாயல் வேண்டுமென்றால் சிவப்பு சிமெண்டுத் தரையைச் சிபாரிசு செய்வேன். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு ரெட் ஆக்சைடு. முழு வீட்டுக்கும் தேவையான தூளை ஒரே நாளில் உலர்வாகக் கலந்து மூன்று முறை சலித்து மூட்டை கட்டிவிடுங்கள். அறைக்கு அறை நிறம் மாறுவது அப்போதைக்கப்போது கலப்பதால்தான். 4 அடிக்கு ஒரு கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்துப் போடாவிட்டால் வெடிப்பு தன் இஷ்டத்துக்கு வரும். கரணை தேய்த்து மெருகேற்றியதும் மறுநாள் முதல் பத்து நாள் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அந்த நாட்களில் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உள்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு என்றால், கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்கடியில் வைத்து, ஒன்றுக்கு மூன்று மணலோடு அரைத்துப் பூச வேண்டும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்ப்பது உண்டு. ஆனால் அதை நம்பி நீற்றும் காலத்தைக் குறைத்தால், பூசிய பிறகு சுவரில் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், காயாது. சுண்ணாம்புச் சுவரின்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஓதம் வெளியே போக வழியில்லாமல் பெயிண்ட்டைப் பிய்த்துக்கொண்டு வரும், வெள்ளையடிப்பே போதும்.

ஊஞ்சலுக்குத் தனி உத்திரம். நாலு பேர் உட்கார்ந்து ஆடினால் 300 கிலோ, ஆட்டத்துக்கு அதைப்போல இரண்டரை மடங்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கான்கிரீட் தளம் என்றால் கொக்கியைக் கம்பி கட்டும்போதே பீம் கம்பியோடு பிணைத்துவிட வேண்டும். பிறகு துளைபோட்டு மாட்டுகிற கொக்கியில் குழந்தைகளை ஆடவிடாதீர்கள். கூடம் இருட்டாக இருந்தால் ஓட்டுச்சரிவில் மூன்று நாலு கண்ணாடி ஓடு, வடக்குச் சரிவில். கிழக்கு மேற்கில் வைத்தால் வெயில் தரையில் வட்டமாகக் காயும்.

பொறியாளரிடம் மறுபடி பேசும்போது தூண் படம், வீட்டுப் படம் எதையும் காட்ட வேண்டாம். வாய்க்கால் முளையிலிருந்து கூடத்துத் தரை வரை மட்டக்கணக்கு எழுதிய ஒரு தாளையும், கூடல்வாயின் குறுக்குவெட்டு ஒன்றையும் வரைந்துகொண்டு போங்கள். அந்தத் தாளில் அவர் ஏதாவது எண்ணைத் திருத்தினால், அவர் சொல்வதைக் கேளுங்கள்; உங்கள் ஊர் வாய்க்காலின் மட்டம் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.